இடிக்குட்டிக்கு ரெண்டு ‘ம்’

குரல் கொடுக்கிற தொழிலில் ஒரே ஒரு சௌகரியம்: ஆள் திரைக்குப் பின்னால் நிற்பதால் அடி கொஞ்சம் தாமதமாக வந்து சேரும்.

அப்பாவின் குரலிலேயே “அப்பா வீட்ல இல்ல” என்று கதவுக்கு வெளியே நிற்பவரிடம் சொல்லி மாட்டிக்கொண்டவர்களே, வகுப்பில் டீச்சர் மாதிரிப் பேசிக்காட்டும்போது எல்லாரும் சட்டென்று சிரிப்பை நிறுத்த, பின்னால் நிற்பது யார் என்று திரும்பிப் பார்க்காமலே தெரிந்துகொண்டவர்களே, இது உங்களுக்காக எழுதுகிறேன். நாமெல்லாம் ஒரே இனம்.

எனக்குப் பள்ளிக்கூடத்தில் பெயர் தீரி, வீட்டில் கஸ்தூரி. அம்மா பர்மியர், அப்பா தமிழர். ஆகவே இரண்டு மொழியிலும் திட்டு வாங்கிய அனுபவம் உண்டு. ரங்கூன் பசுந்தாங்கில் எங்கள் மாடிப்படியில் ஏறி இறங்குகிற அத்தனை பேர் குரலும் என்னிடம் இருக்கிறது, அவரவர் இருமலோடு சேர்த்து. இந்த மழைக்காலத்தில் சின்னப் பிள்ளைகளுக்கான ஜப்பான் கார்ட்டூன் படம் ஒன்று முழுவதற்கும் நான் ஒருத்தியே தமிழில் பேசினேன். தாத்தா, அம்மா, குட்டி, விவசாயி, விவசாயி மகள், அப்புறம் இரண்டு தவளைகள். தவளைகளில் ஒன்றுக்கு ஜலதோஷம். அதுவும் நான்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதலாமா என்று பார்த்தேன். இல்லை, பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

ஆளுக்கு ரெண்டு பாயசம்

எங்கள் கோயில் ஹாலுக்குத் தலைவர் ஊ பழனி. பெரியவர் என்பதால் பர்மிய வழக்கப்படி பெயருக்கு முன்னால் ஊ. காலி டிரம்மை மாடிப்படியில் உருட்டிவிட்டால் எப்படி இருக்குமோ, அப்படி ஒரு குரல். ஒரு அன்னதானத்தன்று ஹாலில் மைக் தனியாக நின்றுகொண்டிருந்தது. நானும் தனியாகத்தான் இருந்தேன். திரைக்குப் பின்னால் மைக்கை இழுத்துக்கொண்டு, தொண்டையை ஒரு தடவை உருட்டிவிட்டு, அவர் குரலில் அறிவித்தேன்: “பக்தர்கள் கவனத்துக்கு! இன்னைக்குப் பாயசம் ஆளுக்கு ரெண்டு டம்ளர். இல்லேன்னு எவனாச்சும் சொன்னா, நான் சொன்னேன்னு சொல்லுங்க.” கை கழுவிவிட்டுச் செருப்பு மாட்டியவர்கள்கூடத் திரும்பி வந்து வரிசையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

பிடித்துவிட்டார்கள். ஆபீஸ் அறைக்கு இழுத்துப் போனபோது அங்கே செல்வி அக்கா தலைவரிடம் மன்றாடிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த ஹாலில் சின்னப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறவர் அவர். வருகிற பிள்ளைகள் குறைந்துகொண்டே போனார்கள். கல்யாணப் பாத்திரம் வாடகைக்கு விடுகிற ஒருவர் ஹாலை குடோனாகக் கேட்டிருந்தார். தலைவருக்கும் பாதி மனசு வந்திருந்தது. செல்வி அக்கா என்னைப் பார்த்தார். வெளியே பாயசத்துக்கு நிற்கிற வரிசையைப் பார்த்தார். “ஊ, ஒரு கார்ட்டூன் படம் போடறோம். இவ தமிழ்ல பேசட்டும். பிள்ளைங்க வருவாங்க, உட்காருவாங்க” என்றார். தலைவர் மோவாயைச் சொறிந்தார். “சரி. பிள்ளைங்க கடைசி வரைக்கும் எந்திரிக்காம இருந்தா ஞாயித்துக்கிழம ஹால் உங்களுக்கு. பாதியில கலைஞ்சு போனா அண்டாவுக்கு” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “நான் கத்தினா ஒருத்தன் திரும்பிப் பாக்கறதில்ல, நீ என் குரல்ல கத்தினா ஊரே க்யூவுல நிக்குது. இது என்னா நியாயம்?”

டீக்கடையில் மின்னல்

செல்வி அக்கா சாயங்காலத்தில் ஜப்பான் மொழி படிக்கிறார். ஜப்பானுக்கு வேலைக்குப் போகிற ஆசையில் ரங்கூனில் இப்போது யார்தான் படிக்கவில்லை? கூடப் படிக்கிற தோழி ஒருத்தியிடம் வாங்கி வந்த படம் அது. ஒவ்வொரு மழைத்துளியும் கையால் வரைந்தது. நெல் வயலில் விழுகிற மழையைப் பார்த்தால் நம் காலும் நனைந்த மாதிரி இருக்கும். கதை சின்னது. மேகத்து ஓட்டை வழியாக ஒரு இடிக்குட்டி தவறி வயலில் விழுந்துவிடுகிறது. அதன் குரல் விக்கல் அளவுக்குத்தான் வரும். விவசாயி மகள் அதைச் சோற்றுப் பானையில் ஒளித்து வளர்க்கிறாள். மேலே இடித் தாத்தா ஒரு சட்டம் போட்டிருக்கிறார்: குட்டி கூப்பிடுகிற சத்தம் வானம் வரைக்கும் கேட்டால்தான் அதன் அம்மாவான மேகம் கீழே இறங்கலாம். அவ்வளவுதான். சண்டை கிடையாது, வில்லன் கிடையாது. கூப்பிட்டது கேட்குமா, கேட்காதா?

குட்டி பயந்தால் உடம்பில் பொறி பறக்கும். அதற்கு உதட்டைக் குவித்து ‘ச்சு, ச்சு’ என்று ஒரு சத்தம் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்த இடம்தான் தப்பு. எங்கள் ஊர் டீக்கடையில் சர்வரைக் கூப்பிடுவதே அந்தச் சத்தத்தால்தான். நான் ஒவ்வொரு தடவை மின்னும்போதும் வயசான சர்வர் ஒருவர் அந்தக் கோடியிலிருந்து நடந்து வந்து மேஜையருகே நின்றார். “உங்களக் கூப்பிடல, இது இடி” என்றேன். போனார். மறுபடி மின்னினேன். வந்தார். கடைசியில் எதிர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேவிட்டார். “பாப்பா, உன் இடி எத்தன தடவ வேணும்னாலும் மின்னட்டும், என் முழங்கால் அத்தன தடவ நடக்காது.”

ரயிலுக்குள் மழை

ஜப்பான் குரல்கள் கேட்கக் கூடாதென்று படத்தின் சத்தத்தைக் குறைத்தோம். அதில் இடியும் குறைந்துபோய்விட்டது. இடி இல்லாத இடிப் படத்தை எந்தப் பிள்ளை பார்க்கும்? இன்சீனில் அப்பாவின் கூட்டாளி ஒருவர் தகரப் பட்டறை வைத்திருக்கிறார். அவரிடம் ஒரு ஆள் உயரத் தகரம் வாங்கினோம். இரண்டு முனையையும் பிடித்து ஆட்டினால் வானமே இடிந்து விழுகிற மாதிரி உறுமும். என்கூட வந்தவர் கோ துன். மொபைல் ரிப்பேர் கடையில் வேலை செய்கிறவர். லேப்டாப், புரொஜக்டர் எல்லாம் அவர் பொறுப்பு. தமிழ் ஒரு சொல்கூடத் தெரியாது. நான் பேசிக்கொண்டிருக்கும்போது எங்கே நிறுத்த வேண்டும் என்பதை அவர் தோளைத் தட்டித்தான் சொல்வேன்.

தகரத்தை, ரங்கூனைச் சுற்றி ஓடுகிற வட்ட ரயிலில் கொண்டுவந்தோம். எங்கள் வட்ட ரயிலில் ஏறியவர்களுக்குத் தெரியும், அது ஓடுவதைவிடக் குலுங்குவதுதான் அதிகம். ஒவ்வொரு குலுக்கலுக்கும் தகரம் கடகடவென்று இடித்தது. நானும் சும்மா இருக்க முடியாமல் வாயால் காற்றடித்து, தூறல் போட்டு, இரண்டு தவளைகளையும் இறக்கிவிட்டேன். வெளியே வெயில். ஆனாலும் பெட்டியில் பாதிப் பேர் ஜன்னலை இறக்கினார்கள். மாவ்பியிலிருந்து காய்ந்த மிளகாய் மூட்டையோடு வந்திருந்த ஒரு அம்மாள் அவசரமாக மூட்டைமேல் பிளாஸ்டிக்கைப் போர்த்தினார். அப்புறம் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார், தகரத்தைப் பார்த்தார், என் வாயைப் பார்த்தார். “ஏ பொண்ணு, உன் மழைய அடுத்த பெட்டியில போய்ப் பெய்யச் சொல்லு, என் மிளகா நமுத்துப்போவுது.”

மாமா ஏன் முடி வளர்த்திருக்கிறார்?

எங்கள் மாடிப்படிப் பிள்ளைகளை மட்டும் கூட்டி வந்து ஒரு ஒத்திகை போட்டோம். குட்டி வயலில் விழுந்தது, அழுதது, கூப்பிட்டது. எவ்வளவு குறைத்தாலும் ஜப்பான் குரல் அடியில் கசியும் அல்லவா? கசிந்தது: “மாமா!” ஜப்பானில் சின்னப் பிள்ளைகள் அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். பர்மிய மொழியில் மமா என்றால் அக்கா. தமிழில் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஹால் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. ஒரு கட்சி இடிக்குட்டி அக்காவைத் தேடுகிறது என்றது; இன்னொன்று மாமாவைத் தேடுகிறது என்றது. கடைசியில் நீளக் கூந்தலோடு அம்மா மேகம் இறங்கி வந்ததும் மாமா கட்சிப் பையன் ஒருவன் எழுந்து நின்று, “மாமா ஏன் இவ்ளோ முடி வளர்த்திருக்காரு?” என்றான்.

சரி, மேலே பலமாக “அம்மா” என்று பேசி மூடிவிடலாம் என்று பார்த்தேன். அதிலும் வந்தது வினை. பர்மிய மொழியில் ‘அமா’ என்றாலும் அக்காதான். வீட்டில் பர்மிய மொழியே பேசி வளர்கிற பிள்ளைகளின் காதில் என் அம்மா, அமா ஆகத்தான் விழுந்தாள். செல்வி அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். “அம்மாவ யாருன்னே தெரியலேன்னா எதுக்குடி கடைசி வரைக்கும் உட்காருவாங்க?” என்றார். நான் இடிக்குட்டி குரலுக்குப் போனேன். “ஏய், எனக்கு ஒரு ‘ம்’ பத்தாது! ஒரு ‘ம்’ போட்டா அக்காதான் வருவா. ரெண்டு ‘ம்’ போடுங்க, அப்பத்தான் அம்மா வருவா. உதட்ட மூடு. மூடினியா? இப்ப அடக்கி வை. அடக்கி வை. இப்ப விடு!” பிள்ளைகள் உதட்டை இறுக்கி மூடி, கன்னம் உப்பி, விட்டார்கள்: “அம்ம்ம்மா!” யார் அதிக நேரம் மூடிவைப்பது என்று போட்டியே நடந்தது. செல்வி அக்கா என் காதைத் திருகினார், செல்லமாகத்தான். “புள்ளி வெச்ச ‘ம்’மை பலகையில எழுதி எழுதி எனக்குச் சாக்பீஸ்தான் தேஞ்சுது, நீ உதட்ட மூடி நிமிஷத்துல சொல்லிக் குடுத்துட்டியே, பிசாசே!”

போ போ

அன்றைக்கே தலைவர் ஹாலைப் பார்க்க வந்தார். பிள்ளைகள் பிளாஸ்டிக் நாற்காலிகளை ரயிலாக்கி இழுத்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் நின்று, கூரை அதிர, “போ! போ! எல்லாரும் வெளிய போ!” என்றார். எல்லாரும் ஓடினார்கள், எங்கள் மாடிப்படிக் குட்டி மிமியைத் தவிர. அவள் நேராக அவரிடம் ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டாள். அவர் காலை உதறி “போ!” என்றார். இன்னும் இறுக்கிக்கொண்டாள். “போங்கறேன்ல, போ போ!” அவள் மேலே பார்த்துச் சிரித்தாள். நானும் செல்வி அக்காவும் தூணுக்குப் பின்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டோம்.

பர்மிய மொழியில் போ போ என்றால் தாத்தா. பிறந்ததிலிருந்து இந்த ஊரில் இருக்கிற மனுஷருக்கு, கோபத்தில் அது மறந்துபோயிற்று. அவருக்குப் பொறி தட்டியபோது முகம் ஒரு மாதிரி ஆகி, காலை உதறுவதை நிறுத்தி, நடக்கவும் தெரியாமல் நின்றார். மிமி என்னைக் கூப்பிட்டுக் குற்றம் சொன்னாள்: “தாத்தா தாத்தான்னு அவருதான கூப்பிட்டாரு, வந்தா ஏன் கத்தறாரு?”

வேறு குரல்

இங்கே ஒரு ரகசியத்தைச் சொல்லிவிட வேண்டும். இடித் தாத்தாவுக்கு நான் போட்டிருந்தது ஊ பழனியின் குரல். வேறு எந்தக் குரலிலும் அந்தத் தாத்தா இடிக்கவில்லை. “அவர் காதுல விழுந்தா ஹால் போச்சுடி, மாத்திடு” என்று செல்வி அக்கா கெஞ்சினார். மாற்றிப் பார்த்தேன். ஐஸ்காரர் குரலில் தாத்தா ஏதோ விற்க வந்தவர் மாதிரி இருந்தார். மூன்றாம் மாடி வக்கீல் குரலில் குட்டிமேல் கேஸ் போடப்போகிறவர் மாதிரி இருந்தார். பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். அக்காவும் பார்த்தார். கொட்டாவி விடுகிற பிள்ளை எழுந்துபோவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? சரி, பழைய குரலே இருக்கட்டும் என்று கோ துன்னிடம் மறுபடி ஓட்டச் சொன்னோம். காரணம் கேட்டார், சொன்னோம். ஹாலில் எத்தனையோ தடவை தலைவரிடம் திட்டு வாங்கியவர் அவர். “எனக்கு ஒரு வார்த்தையும் புரியல, ஆனா அந்தத் தாத்தா பேசறப்ப மட்டும் தன்னால எந்திரிச்சு நின்னுடறேன்.”

கரண்ட் போன வானம்

காட்சியன்று மழை. ஜன்னல்களில் கறுப்புத் துணி கட்டியிருந்தோம். ஹால் நிறையப் பிள்ளைகள். செல்வி அக்கா கண்ணாலேயே எண்ணி எண்ணிச் சந்தோஷப்பட்டார். ஆனால் வராந்தாவில் இரண்டு பெரிய அண்டாக்கள் முன்கூட்டியே வந்து காத்திருந்தன. தலைவர் வாசலருகே நாற்காலி போட்டு, சாவிக்கொத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். படம் ஓடியது. இடித் தாத்தா முதல் தடவை வாயைத் திறந்து, “எவன்டா அங்க மேகத்துல குதிக்கிறது!” என்றதும் ஹால் மொத்தமும் திரும்பி வாசலைப் பார்த்தது. தலைவரும் திரும்பித் தனக்குப் பின்னால் பார்த்தார். நான் திரைக்குப் பின்னால் நின்று வேர்த்துக்கொண்டே தொடர்ந்தேன். நிறுத்தினால் படம் போய்விடும். படம் போனால் ஹால் போய்விடும்.

குட்டி குன்றின்மேல் ஏறி நின்று கூப்பிடுகிற கட்டம் வந்தது. விக்கல் அளவுக்கு ஒரு குரல். மேலே தாத்தா, “கேக்கலையே!” என்றார். அதோடு கரண்ட் போனது. கரண்ட் போவது எங்கள் ஊரில் செய்தியே இல்லை. ஆனால் இந்த இடத்திலா? புரொஜக்டர், மைக், மின்விசிறி எல்லாம் ஒன்றாக அணைந்தன. ஜெனரேட்டர் கோயில் பக்கத்துக்கு மட்டும்தான். கோ துன்னின் லேப்டாப்பில் பேட்டரி இருந்ததால் படம் எனக்கு மட்டும் சின்னதாக ஓடிக்கொண்டிருந்தது. இருட்டில் நாற்காலிகள் கிரீச்சிட்டன. யாரோ ஒரு பையன் எழுந்தான். இன்னொருவன் “வாடா போலாம்” என்றான். வாசலில் சாவிக்கொத்து சலசலத்தது. செல்வி அக்கா என் கையைப் பிடித்தார்.

நான் திரையை விட்டு வெளியே வந்து, மைக் இல்லாமலே, இடிக்குட்டி குரலில் அழுதேன். “எங்க போறீங்க? எங்கம்மா இன்னும் வரல. நான் ஒண்டியா கூப்பிட்டா மேல கேக்கல. நீங்களும் கூப்பிடுங்க! ரெண்டு ‘ம்’!” லேப்டாப் வெளிச்சத்தில் மங்கலாகத் தெரிந்தது, எழுந்த பையன் அப்படியே நின்றான். பிறகு உதட்டை மூடினான். ஒத்திகைக்கு வந்த பிள்ளைகள் மூடினார்கள்; அவர்களைப் பார்த்து மற்றவர்களும் மூடினார்கள். இருட்டில் அத்தனை மூடிய வாய்களிலிருந்து அந்த ‘ம்’ உருண்டது பாருங்கள்! சுவரில் சாய்த்திருந்த தகரம் யாரும் தொடாமலே சிலிர்த்தது. பிறகு திறந்துகொண்டது: “அம்ம்ம்மா!” வீட்டில் தமிழே பேசாத வாய்களும் அதில் இருந்தன.

இனி தாத்தா பதில் சொல்ல வேண்டும். நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து வாயைத் திறந்தேன். அத்தனை பேருக்கும் பேசிப் பேசித் தொண்டை கட்டிவிட்டது. வந்தது ஜலதோஷத் தவளை. பிள்ளைகள் சிரித்தார்கள். அப்புறம் நிறுத்தினார்கள். எல்லாரும் இருட்டில் மேலே பார்த்தபடி காத்திருந்தார்கள். மேலேயிருந்து ஒன்றும் வரவில்லை. என் வாயில் இரண்டாம் தடவை காற்றுதான் வந்தது.

“கேட்டுது!” என்று வாசலிலிருந்து ஒரு குரல் இடித்தது. காலி டிரம் உருண்டது. “கேட்டுது, கேட்டுது! இந்தக் கத்துக் கத்தினா கேக்காம எனக்கென்ன காதா அடைச்சிருக்கு? ஏம்மா மேகம், அங்க நின்னு என்னா வேடிக்க? போ! சீக்கிரம் போய்ப் பிள்ளையத் தூக்கிக்க!” கோ துன் தன்னால் எழுந்து நின்றார். எழுந்த கையோடு தகரத்தைப் பிடித்து ஆட்டினார். நான் மிச்சமிருந்த குரலில் அம்மா மேகமாகி, “வந்துட்டேன்டா கண்ணு” என்றேன். அதற்குக் குரல் அதிகம் தேவைப்படவில்லை. படம் முடிந்தது என்று நான் சொல்கிற வரைக்கும் ஒரு பிள்ளையும் எழவில்லை.

துணியை விலக்கி வெளிச்சம் விட்டபோது தலைவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். சாவிக்கொத்தில் ஹால் சாவியை மட்டும் கழற்றி, யார் முகத்தையும் பார்க்காமல் செல்வி அக்கா கையில் வைத்தார். அக்கா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். “அந்த அண்டாவ எடுத்துட்டுப் போகச் சொல்லு” என்று வெளியே பார்த்து ஒரு சத்தம் போட்டுவிட்டு, பக்கத்தில் வந்து நின்ற மிமியிடம் குனிந்து, “எப்படி, தாத்தா நல்லாப் பேசினனா?” என்று கேட்டார். அவள் யோசித்தாள். என்னைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். “நல்லாத்தான் பேசினீங்க; ஆனா கஸ்தூரி அக்கா பேசற மாதிரி இல்ல.”

இப்போதெல்லாம் ஒவ்வொரு படத்துக்கு முன்னாலும் ஊ பழனி தன் குரலில் பேசுவது எப்படி என்று கற்றுக்கொள்ள என்னிடம் வருகிறார், நானும் பொறுமையாகத்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.